சதுப்புக் காணியை யார் காசில் காப்பது?

மாமாவுக்கு ஒரு காணி வந்தது. வெள்ளவத்தையில் 25 வருடம் வாடகை வீட்டில் இருப்பவருக்கு, கொலன்னாவப் பக்கம் 10 பேர்ச், அக்கம்பக்கத்து விலையில் பாதிகூட இல்லை. "ஐயா, இப்ப கொஞ்சம் தண்ணி நிக்குது. இருபது லோட் மண் போட்டா எல்லாம் சரி" என்று தரகர் சொல்லியிருக்கிறார். மாமா எனக்கு அழைப்பெடுத்தார். "தம்பி, ஒருக்கா வந்து பார்."

போய்ப் பார்த்தோம். தார் ரோட்டு முடிகிற இடத்தில் நான்கு கொங்கிரீட் தூண், நடுவில் இடுப்பளவு கோரைப்புல். காலை வைத்தால் பூமி மெதுவாக உள்ளே இறங்குகிறது, எடுத்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. ஓரத்தில் யாரோ ஏற்கெனவே கொட்டிவிட்டுப்போன உடைந்த ஓடு, செங்கல், பழைய டைல்ஸ் குவியல். அதன்மேல் ஒரு கபரகொய்யா, அதாவது தண்ணீர் உடும்பு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவசரமே இல்லாமல் இறங்கி, புல்லுக்குள் போனது.

காணி உறுதியின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். கொழும்பில் பழைய உறுதிகளில் காணியின் பெயரே அதன் சாதகத்தைச் சொல்லிவிடும். பெயர் ‘வத்த’ என்று முடிந்தால் தோட்டம். ‘ஓவிட்ட’ என்றால் வயலை ஒட்டிய மேடு. ‘கும்புர’ என்றால் வயல். இது கும்புர. "அப்ப என்ன?" என்றார் மாமா. அந்தக் கேள்விக்கு அவரிடம் அன்று நின்ற இடத்திலேயே சொன்னதையும், பிறகு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னதையும்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தக் காணி ஏன் மலிவு? அதன்மேல் சட்டம் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயற்காணியை நிரப்ப முடியாது. அதைத் தாண்டினாலும், தாழ்நிலத்தை நிரப்பக் காணி மீட்டல் மற்றும் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். அதையும் தாண்டினால், வீடு கட்டும்போது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் வந்து நிற்கும். ஒரு டிப்பர் மண்ணுக்கு முன்னால் மூன்று பூட்டு.

அந்தக் கூட்டுத்தாபனத்தின் கதையைக் கேட்டால், ஒரு நாட்டின் மனம் எப்படி மாறுகிறது என்பது விளங்கும். அது 1968இல் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்பதற்கென்று சட்டம் மூலம் உருவான ஒரு சபை. மீட்பது என்றால் தண்ணீரிடமிருந்து மீட்பது, அதாவது நிரப்புவது. சதுப்பு என்றால் வீண் நிலம், நுளம்பு, நோய் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அதே நிறுவனத்தின் சட்டத்தை 2006இல் திருத்தி, அனுமதியின்றித் தாழ்நிலத்தை நிரப்புவதைத் தடுத்தார்கள். நிரப்பப் பிறந்த கைக்கே காவல் வேலையும் வந்து சேர்ந்தது.

2006இல் சட்டம் மாறியது, மனம் முழுதாக மாறியது அதற்கும் பிந்தித்தான். 2010 நவம்பரில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவு. விடிந்தபோது தியவன்னாவில் இருக்கும் பாராளுமன்றமே வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. சட்டம் இயற்றும் இடத்தையே வெள்ளம் சூழ்ந்த பிறகுதான் சதுப்பு நிலம் என்ற சொல் திறைசேரியின் காதிலும் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

கொழும்பின் தரை தட்டை. விழுகிற மழை கடலுக்குப் போக வாசல்கள் குறைவு. வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், முகத்துவாரப் பக்கம், களனிப் பக்கம் என்று சிலதான். களனி கங்கை நிரம்பி ஓடும்போது அந்தப் பக்கத்து மதகுகளை மூடவேண்டும், இல்லாவிட்டால் கங்கை ஊருக்குள் வந்துவிடும். அப்படியென்றால் ஊருக்குள் விழுந்த தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடம்தான் கொலன்னாவ, கோட்டே, அத்திடிய, தலங்கம சதுப்புகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். வெள்ளநீரில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தை இவை பிடித்து வைக்கின்றன என்று, 2016இல் கொழும்புப் பெருநகருக்காகத் தயாரான ஈரநில முகாமைத்துவ ஆய்வு கணக்குச் சொன்னது. இந்த ஈரநிலங்கள் முழுவதும் அழிந்தால் பெருநகர்ப் பகுதி தன் மொத்த உற்பத்தியில் சராசரியாக ஆண்டுக்கு 1 சதவீதம் அளவை வெள்ளச் சேதத்துக்கே கொடுக்க வேண்டிவரும் என்பது அதே ஆய்வின் கணிப்பு. மாமா பார்த்த 10 பேர்ச் இந்தக் கணக்கில் ஒரு சொட்டுத்தான். ஆனால் கொழும்பின் சதுப்பு பத்துப் பத்துப் பேர்ச்சாகத்தான் குறைந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். ‘அரசு ஒரு காணியைப் பாதுகாக்கிறது’ என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். அப்படியென்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது?

ஒரு வழி, அரசே சொந்தக்காரனாக இருப்பது. காணி ஏற்கெனவே அரசினுடையது என்றால் வேலை சுலபம், வர்த்தமானியில் எல்லையை அறிவித்தால் போதும். தனியாருடையது என்றால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் வரும். முதலில் காணி தேவைப்படலாம் என்று ஓர் அறிவித்தல், பிறகு சொந்தக்காரர் ஆட்சேபிக்க ஒரு காலம், பிறகு யாருக்கு எவ்வளவு உரிமை என்று விசாரணை, பிறகு நட்டஈடு. இந்தச் சட்டத்தின் உயிர் இரண்டு சொல்லில் இருக்கிறது: பொதுத் தேவை. அது இல்லாமல் உங்கள் காணியில் அரசு கை வைக்க முடியாது.

அரசு வாங்கிவிட்டால் காணி பத்திரம் என்றும் நினைக்கவேண்டாம். பத்தரமுல்லைப் பக்கம், வெள்ளநீர் தேங்கும் தாழ்நிலங்களை 1980களில் பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து சுவீகரித்தார்கள். பிறகு அதில் ஒரு பகுதி தனியார் கோல்ஃப் திடலாக மாறியது. வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கில் 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம், அரசு இப்படியான காணியை மக்களின் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாக மட்டுமே வைத்திருக்கிறது, நினைத்தபடி கைமாற்ற முடியாது என்று சொல்லி அந்தக் கைமாற்றத்தை இரத்துச் செய்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இந்த வழக்கு எனக்கு மிகப் பெரிய விஷயம். வயலைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பம் அதைக் கொடுத்தது ஊரின் தேவைக்கு, யாரோ பந்து அடிப்பதற்கு அல்ல. அதை ஒரு நீதிமன்றம் உரத்துச் சொன்னது.

அடுத்த வழி, காணி சொந்தக்காரரிடமே இருக்கட்டும், ஆனால் அவர் என்ன செய்யலாம் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்வது. கொழும்பில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். மாமா பார்த்த காணி இந்த வகை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் ‘சரணாலயம்’ என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம். 1990இல் 372 ஹெக்டேயராக அறிவித்த பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் அப்படிப்பட்டது. தேசியப் பூங்கா என்றால் உள்ளே போகவே அனுமதி வேண்டும், அங்கே தனியார் காணிக்கு இடமில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ‘சுற்றாடல் பாதுகாப்புப் பகுதி’ என்று இன்னொரு வகை உண்டு. தலங்கம குளமும் சுற்றுப்புறமும் 2007இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பெயர்கள் குழப்புகின்றன என்றால், நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் பாதுகாப்பை நீக்க யாருடைய கையெழுத்து போதும்? பாராளுமன்றம் இயற்றிய சட்டம் என்றால், அதை மாற்றப் பாராளுமன்றத்துக்கே போகவேண்டும். அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்தது என்றால் பெரும்பாலும் இன்னொரு வர்த்தமானி போதும். வெறும் சுற்றறிக்கை என்றால் இன்னொரு சுற்றறிக்கை. 2001இல் ஒரு சுற்றறிக்கை மூலம்தான் ‘ஏனைய அரச காடுகள்’ வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கைக்கு வந்தன. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அதை இல்லாமல் செய்தது. பத்தொன்பது வருடப் பாதுகாப்பு ஒரு கடதாசியில் போனது.

இவ்வளவும் சட்டத்தின் பக்கம். ‘நிரப்பாதே, வெட்டாதே, கட்டாதே’ என்று சட்டம் சொல்லும். காணியைப் பராமரிக்கும் வேலை அதற்குத் தெரியாது.

அத்திடியப் பக்கம் ஒரு நாள் கால்வாய்க் கரையோரமாக நடந்துபாருங்கள். தண்ணீருக்கு மேல் பளபளப்பான இலையோடு, அன்னமுன்னாவைப் போல மஞ்சளாகக் காய் தொங்கும் மரங்கள் வரிசையாக நிற்கும். சிங்களத்தில் வெல் ஆத்தா என்பார்கள். அன்னமுன்னாவின் உறவுதான், ஆனால் இந்த மண்ணுடையது அல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. காய் விழுந்து, விதை மிதந்து, ஒதுங்கிய இடத்தில் முளைத்துவிடும். கொக்கும் நீலத்தாழைக்கோழியும் நடமாடிய திறந்த புல்வெளி கொஞ்சம் கொஞ்சமாக மூடிய காடாக மாறுகிறது. 1990 வர்த்தமானி இந்த மரத்துக்குப் பொருந்தாது, அது கெசட் வாசிப்பதில்லை. வேரோடு பிடுங்க ஆள் வேண்டும், தோணி வேண்டும், அடுத்த வருடமும் திரும்பி வந்து பிடுங்க வேண்டும். அதற்கெல்லாம் காசு.

எங்கள் வரவு செலவுத் திட்டத்தில் செலவை இரண்டாகப் பிரிப்பார்கள்: மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு. கட்டுவது முதலாவது, பார்த்துக்கொள்வது இரண்டாவது. மூலதனச் செலவில் திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. வெல் ஆத்தா பிடுங்குகிறவரின் நாட்கூலிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. நெருக்கடி வந்தால் முதலில் மெலிவது அந்த வரிதான்.

2010 வெள்ளத்துக்குப் பிறகு பெரிய காசு வந்தது. 2012இல் கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டத்துக்கு உலக வங்கி 213 மில்லியன் டாலர் கடன் அனுமதித்தது. கால்வாய், மதகு, வெள்ளத் தடுப்பு எல்லாம் அதில் அடங்கும். கோட்டேயில் இன்று நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பெத்தகான ஈரநிலப் பூங்காவும் அந்தத் திட்டத்தில் உருவானதுதான். பலகைப் பாதையில் நடந்து போகும்போது காலுக்குக் கீழே தண்ணீர், இரண்டு பக்கமும் மரம், எங்கோ வாகன இரைச்சல். எனக்கு அங்கே போனால் மனம் ஆறும். அதை இலவசமாக யாரோ தந்தார்கள் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கடன் என்பது எங்கள் வரிதான், பின்னால் வருகிறது. 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் அமைப்பு உலகிலேயே முதன்முதலாக 18 நகரங்களை ஈரநில நகரங்களாக அங்கீகரித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இப்போது மாமாவின் காணிக்குத் திரும்பலாம். அதன் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நிலைமை எனக்கு விளங்குகிறது. தாத்தா வழி வந்த வயல். நெல் போட வழியில்லை, நிரப்பச் சட்டம் விடாது, வீடு கட்ட முடியாது. பிள்ளையின் படிப்புக்கோ ஒப்பரேஷனுக்கோ காசு தேவை என்றால் அவரிடம் இருப்பது அந்தக் கோரைப்புல்தான். அவருடைய காணி தண்ணீரைப் பிடித்து வைப்பதால் கிராண்ட்பாஸில் ஒருவர் வீட்டுக் கட்டில் நனையாமல் இருக்கிறது, அந்த நன்மைக்கு அவருக்கு ஒரு சதமும் இல்லை. ஊருக்கான பாரத்தை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் வைத்தால், அது ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு டிப்பரைக் கூப்பிடத்தான் செய்யும். நான் டிப்பரை நியாயப்படுத்தவில்லை. சட்டத்தை இன்னும் இறுக்கினால் போதும் என்கிறவர்கள் இந்தச் சொந்தக்காரரையும் ஒருமுறை நினைக்க வேண்டும்.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம், தனி வரி. நியூ ஜெர்சியில் 1961இல் ‘கிரீன் ஏக்கர்ஸ்’ என்ற திட்டம் தொடங்கியபோது, காணி வாங்குவதற்கென்றே 6 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்து அனுமதித்தார்கள். விற்க விரும்புகிறவரிடம் அரசு சந்தை விலைக்கு வாங்கும். கொலராடோவில் 1992இல் மக்கள் வாக்களித்தபடி லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் திறந்த வெளிக்கும் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது புளோரிடா. அங்கே காணி கைமாறும்போது உறுதிக்கு முத்திரை வரி கட்ட வேண்டும், இங்கே நாங்கள் கட்டுவது போலவே. அந்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை 20 வருடத்துக்குக் காணியும் நீரும் பாதுகாக்க ஒதுக்க வேண்டும் என்று 2014இல் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். வாக்களித்தவர்களில் 75 சதவீதம் ஆம் என்றார்கள். காணி விற்று வாங்கும் வேகம்தான் வெறும் நிலத்தை விழுங்குகிறது, அதே வேகத்தில் வரும் வரியே அதைக் காக்கட்டும் என்ற கணக்கு. அங்கேயும் எல்லாம் சுமுகம் இல்லை. ஒதுக்கிய காசைத் திணைக்களங்களின் அன்றாடச் செலவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று அடுத்த வருடமே சுற்றாடல் அமைப்புகள் வழக்குப் போட்டன. காசுக்கும் காவல் வேண்டும்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, கொஸ்தாரிக்கா 1990களில் தொடங்கியது. காணி உங்களிடமே இருக்கட்டும், காட்டைக் காட்டாகவே வைத்திருங்கள், அதற்கு வருடா வருடம் அரசு காசு தரும். பணத்தின் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து.

கொழும்பில் ஒரு காணி விற்றால் முத்திரை வரி மாகாண சபைக்குப் போகிறது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்து, சதுப்புக் காணி வைத்திருந்து விற்க நினைக்கிறவரிடம் நியாய விலைக்கு வாங்கவோ, விற்க விரும்பாதவருக்கு ஆண்டுக்கொருமுறை ஏதாவது கொடுக்கவோ, அந்தக் காணிகளில் களை பிடுங்கவோ வைத்தால் என்ன? பெரிய மேதை வேண்டாம் இதற்கு. ஒரு திருத்தச் சட்டமும், அதை நிறைவேற்றும் மனமும் போதும். கட்டடம் உயர உயர, அதற்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் இடத்துக்கும் காசு வரும்.

காணி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நொத்தாரிசிடம் போவதற்கு முன்னால் உறுதியில் காணியின் பெயரைப் பாருங்கள். நகர சபையிலோ பிரதேச சபையிலோ அந்த இடத்துக்கு என்ன வலயம் என்று கேளுங்கள். தாழ்நிலம் என்றால் கமநல அலுவலகம், காணி மீட்டல் கூட்டுத்தாபனம் இரண்டிலும் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பவேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஒரு சரணாலயத்தைப் பராமரிக்கக் கடந்த வருடம் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்றுகூட இதே வழியில் கேட்கலாம். அந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

மாமா காணியை வாங்கவில்லை. தரகருக்கு அழைப்பெடுத்து நல்லமுறையில் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான்கு தூணும் முழங்கால் தண்ணீரில் நின்றன. செங்கல் குவியல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. விற்பனைக்கு என்று எழுதிய தகரப் பலகை புதிதாக ஒரு தூணில் தொங்கியது.